ஆளும் கையும் தீர்க்கும் கையும்

'கலெக்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வரி தண்டுபவர் என்பதே பொருள். ஆயினும் சேலம், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் நம் பாட்டனார் காலத்து மக்கள் அச்சொல்லைக் கேட்டவுடன் நினைத்தது வரியை மட்டுமன்று. நிலவரியைத் தண்டியவர் அவர். போலீசார் அவருடைய மேற்பார்வைக்கு உட்பட்டவர்கள். மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற பெயரில் குற்றங்களை விசாரித்துத் தண்டனை வழங்கியவரும் அவரே. அவருக்குக் கீழிருந்த தாசில்தாரும் அவ்வாறே. காலையில் கிஸ்தி கேட்ட வாய், பிற்பகலில் அதே கச்சேரியில் அபராதம் விதித்தது. ஒருவனைப் பிடித்தவரும், அவன்மீது குற்றம் சாட்டியவரும், அவன் குற்றவாளிதானா என்று முடிவு செய்தவரும் ஒரே அலுவலகத்தார் எனின், அந்த ஏழை யாரிடம் சென்று முறையிடுவான்?

இக்கேள்வி நம் சேலச் சீமைக்கு மிக நெருங்கியது. அந்த ஏற்பாட்டின் வித்து பெரும்பாலும் இம்மண்ணில்தான் ஊன்றப்பெற்றது. அதன் கசப்பைச் சுவைத்த வழக்கொன்றும் இம்மண்ணிலிருந்தே எழுந்தது. அவ்வழக்கில் புண்பட்டவர்கள் நம் சமுதாயத்தார். ஆனால் அதிலிருந்து பிறந்த நீதியின் பயனை இன்று மிகுதியும் நாடி நிற்பவர்களும் நம் சமுதாயத்தாரே. இந்த விந்தையை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.பி. 1792, ஹிஜ்ரி 1206. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். தம் மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பிவைத்தார். கும்பெனிக்குக் கிடைத்த பகுதிகளுள் பாராமகாலும் சேலமும் அடங்கும். அவற்றை ஆள்வதற்குக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அமர்த்தப்பட்டார். அவருக்குத் துணையாக வந்த இராணுவ அலுவலர்களுள் வடபகுதி கிரஹாமிடமும், தருமபுரியை ஒட்டிய நடுப்பகுதி தாமஸ் மன்றோவிடமும், சேலமும் நாமக்கல்லும் சேர்ந்த தென்பகுதி மெக்லியோடிடமும் ஒப்படைக்கப்பட்டன. இவர்கள் ஊர் ஊராகக் குதிரையில் சென்று, நிலத்தை அளந்து, தமிழும் தெலுங்கும் பேசிப் பழகி, வரி விதித்து, வழக்கும் தீர்த்தார்கள். எல்லா அதிகாரமும் ஒருவர் கையில் இருந்தது. மன்றோ ஏழாண்டுகள் இங்கே பயின்ற பாடம் அது. பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதற்கும் அவர் அதையே ஏட்டுச் சட்டமாக்கினார்.

இந்த உடன்படிக்கையைத் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் பிரபு யார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பதினோராண்டுகளுக்கு முன், 1781-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவில் யார்க்டவுன் என்னுமிடத்தில் ஜார்ஜ் வாஷிங்டனுடைய படையிடமும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையிடமும் தோற்றுச் சரணடைந்த அதே தளபதிதான் அவர். அங்கே அவர் இழந்த நாட்டில் மக்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்கர் 1776-இல் வெளியிட்ட விடுதலை அறிக்கையில் மன்னர்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று, நீதிபதிகளின் பதவியையும் ஊதியத்தையும் அவர் தம் விருப்பத்துக்கு அடிமையாக்கிவிட்டார் என்பது. ஆகவே 1787-இல் பிலடெல்பியா நகரில் அரசியல் சட்டம் வரைந்தபோது அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள். சட்டமியற்றுவதும் பணம் ஒதுக்குவதும் போர் அறிவிப்பதும் காங்கிரசுக்கு. நிறைவேற்றுவதும் படையை நடத்துவதும் அதிபருக்கு. வழக்கைத் தீர்ப்பது நீதிமன்றத்துக்கு. அதிபர் ஒரு மசோதாவைத் தள்ளலாம். இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கால் அதை மீண்டும் நிறைவேற்றலாம். நீதிபதியை அதிபர் முன்மொழிவார். செனட் அவை இசைந்தாலன்றி அவர் அமர இயலாது. அமர்ந்த பின்னரோ, நன்னடத்தை உள்ளவரை அவரை நியமித்த அதிபராலும் நீக்க இயலாது. இந்த இறுதி விதியே எல்லாவற்றினும் சிறந்தது என்பது நம் கருத்து. நியமித்த கையே நீக்கும் கையாகவும் இருப்பின் தீர்ப்பெழுதும் பேனா நடுங்கும்.

வேலி போட்டதனால் பயிர் எப்போதும் தப்பியதா என்றால், இல்லை. 1942-இல் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஓர் ஆணையால் ஜப்பானிய வழியினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். 1944-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. மறுபுறம், 1952-இல் கொரியப் போரைக் காரணம் காட்டி அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கைப்பற்றியபோது, சட்டமியற்றும் அதிகாரம் அதிபருக்கு இல்லை என்று அதே நீதிமன்றம் தடுத்தது. அவரும் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். 1974-இல் நிக்சன் தம் ஒலிநாடாக்களை ஒப்படைக்க மறுத்து, ஒப்படைக்கும்படி தீர்ப்புப் பெற்று, பதினாறே நாள்களில் பதவி துறந்தார். ஆனால் 2024-இல் அந்நீதிமன்றமே, அதிபர் தம் பதவியின் அடிப்படை அதிகாரங்களைச் செலுத்திச் செய்த செயல்களுக்காகக் குற்ற வழக்குத் தொடர முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இருநூறு ஆண்டு கடந்தும் அங்கே இழுபறி ஓயவில்லை.

கார்ன்வாலிஸுக்குத் திரும்புவோம். அவர் 1793-இல் வங்காளத்தில் வரி தண்டும் கலெக்டரிடமிருந்து நீதி அதிகாரத்தை எடுத்து, தனி நீதிபதிகளிடம் கொடுத்தார். அமெரிக்காவில் தோற்றதனால் இந்தத் தெளிவு பிறந்ததென்று சொல்வதற்கில்லை. கலெக்டர்களின் ஊழலைக் கண்ணாரக் கண்டதே அவருக்குப் போதுமாயிருந்தது. இம்முறை 1802-இல் சென்னைக்கும் வந்தது. நெடுநாள் நிலைக்கவில்லை. சேலச் சீமையில் பயின்ற மன்றோ, தனி நீதிமன்றங்கள் தொலைவில் உள்ளன, செலவு மிகுதி, வழக்குகள் தேங்குகின்றன, குடியானவனுக்கு அருகிலிருக்கும் கலெக்டரே விரைந்து நீதி செய்வார் என்று வாதாடினார். 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களால் மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீஸ் மேற்பார்வையும் மீண்டும் கலெக்டரிடம் வந்தன. மன்றோ குடிகளிடம் அன்புள்ளவர் என்பதை நாம் மறுக்கவில்லை. சென்னை ஆளுநராயிருந்து 1827-இல் சுற்றுப்பயணத்தின்போதே காலராவில் இறந்தவரை இந்நாட்டார் நன்றியுடனேயே நினைக்கின்றனர். ஆனால் நல்லவர் ஒருவரின் அளவுக்குத் தைத்த சட்டையை அவருக்குப் பின் வருவோர் எல்லாரும் அணிவார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

1882-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சேலம் நகரில் நிகழ்ந்த கலகத்தைப் பற்றி எழுத நம் பேனா தயங்குகின்றது. பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் மேளதாளத்துடன் ஊர்வலம் செல்வது பற்றிய பூசல் முற்றி, பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, இரத்தம் சிந்தப்பட்டது. நூற்றாண்டு கழிந்தும் அதைக் கேட்கையில் நெஞ்சு கனக்காத முஸ்லிம் இரார். அந்தப் புண்ணைக் கிளறுவது நம் நோக்கமன்று. அதன்பின் நடந்ததே நமக்கு வேண்டியது.

கலகத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவர் சி. விஜயராகவாச்சாரியார். செங்கற்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரில் 1852-இல் பிறந்து, சேலத்துக்கு ஆசிரியராக வந்து, வழக்கறிஞராகி, நகராட்சி மன்றத்திலும் உறுப்பினராயிருந்தவர். வயது முப்பது. அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அப்போது தலைமை நீதிபதி சர் சார்லஸ் டர்னர். தாம் விடுதலை பெற்றதோடு நில்லாமல், தண்டனை பெற்ற ஏனையோருக்காகவும் அவர் ரிப்பன் பிரபுவிடம் விண்ணப்பித்தார்.

இதனினும் நமக்கு முக்கியமானது மற்றொரு வழக்கு. 1871-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டம், ஒழுங்கீனம் புரிந்த நகராட்சி உறுப்பினரை நீக்கும் அதிகாரத்தைக் கவர்னருக்கும் அவருடைய ஆலோசனைச் சபைக்கும் கொடுத்திருந்தது. அப்போதைய கவர்னர் கிராண்ட் டஃப். கலகத்தைக் காரணமாக்கி அரசு விஜயராகவாச்சாரியாரை நகராட்சியிலிருந்து நீக்கியது. இன்ன குற்றம் என்று அவருக்கு அறிவிக்கவில்லை. அவர் தரப்பைக் கேட்கவுமில்லை. அவரோ இலண்டனில் இருந்த இந்திய அமைச்சரையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். நீக்கும் அதிகாரம் உமக்கு உண்டு, ஆனால் குற்றச்சாட்டை அறிவித்து விடையைக் கேட்ட பின்னரே அதைச் செலுத்தலாம் என்று 1884-இல் சென்னை உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. நட்ட ஈடு நூறு ரூபாய். தொகை அற்பமே. ஆயினும் முடியாட்சியின் பிரதிநிதியே நீதிமன்றத்தில் தலைகுனிந்த அத்தீர்ப்பைச் சட்டநூல் எழுதுவோர் இன்றும் எடுத்துக்காட்டி வருகின்றனர்.

இடிந்த பள்ளிவாசலின் சார்பில் வருந்தும் நாம், அதன் தொடர்பில் குற்றம் சாட்டப்பட்டவர் வென்ற இவ்வழக்கை ஏன் போற்ற வேண்டும் என்று சிலர் வினவலாம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதன் விடை புதிதன்று. ஹளரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்குக் காழியாக அனுப்பியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இரு தரப்பாரும் முன்னே அமர்ந்தால் முதலாமவர் பேச்சைக் கேட்டதுபோல் மற்றவர் பேச்சையும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்று அறிவுறுத்தினார்கள். நம் ஃபிக்ஹு நூல்களில் காழியின் ஒழுக்கங்கள் பற்றிய பாகம், வழக்காளிகளை உட்காரவைக்கும் இடத்திலும் பார்க்கும் பார்வையிலும்கூட வேறுபாடு காட்டலாகாது என்று வற்புறுத்தும். எதிர்வாதி அவையில் இல்லாதபோது அவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்கலாமா என்பதில் ஹனஃபி இமாம்களும் ஷாஃபிஈ இமாம்களும் கொண்ட கருத்து வேறுபாடு மட்டுமே பல பக்கங்கள் நீளும். கேளாமல் தீர்ப்பது அநீதி என்பதை முன்னோர் அத்துணைப் பெரிதாகக் கருதினர்.

ஆளும் கையிலிருந்து தீர்க்கும் கையைப் பிரிப்பதும் நமக்குப் புதிதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்திலேயே கூஃபாவுக்கு ஷுரைஹ் (ரஹ்) காழியாக அமர்த்தப்பட்டார்கள். அதே ஷுரைஹின் முன் ஹளரத் அலீ (ரலி) அவர்கள் கலீஃபாவாயிருந்தபோது தம் கவசத்துக்காக வழக்காடி, தந்தைக்கு மகன் சாட்சி செல்லாது என்ற விதியால் தோற்ற வரலாறு நம் பிள்ளைகள்கூட அறிந்தது. நம் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. காழியை நியமித்தவர் கலீஃபா. வேண்டாதபோது நீக்கியவரும் அவரே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்ஸூர் கொடுத்த காழிப் பதவியை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டு, ஹிஜ்ரி 150-இல் பக்தாதில் மறைந்ததற்கு, அரண்மனைக்கு வளைந்து கொடுக்க நேருமோ என்ற அச்சமே காரணமெனப் பெரியோர் கூறுவர். நன்னடத்தை உள்ளவரை நீதிபதியை நீக்க இயலாது என்ற விதி அன்று பக்தாதில் இருந்திருப்பின் இமாமவர்களின் விடை வேறாயிருந்திருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

சேலத்து வழக்கு நடந்த அந்நாள்களில், கலெக்டரையும் மாஜிஸ்திரேட்டையும் பிரிக்க வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. 1883-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சுந்தரம் செட்டி வழக்கில், மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உரிமைகளை நிறுத்திவைப்பதற்கன்று, காப்பதற்கே முதலில் பயன்பட வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டது. 1886-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் நிர்வாகத்தையும் நீதியையும் முற்றிலும் பிரிக்கக் கோரித் தீர்மானம் செய்தது. 1899-இல் ஓய்வுபெற்ற ஆங்கில நீதிபதிகள் சிலரே இந்திய அமைச்சரிடம் இதற்கென விண்ணப்பம் கொடுத்தனர். ஆட்சியாளர் அசையவில்லை. கலெக்டரின் கௌரவம் குறைந்துவிடும் என்பதே அவர்கள் சொன்ன சமாதானம். விஜயராகவாச்சாரியார் 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கி, 1944-இல் காலமானார், பிரிவினையைக் காணவில்லை. விடுதலைக்குப் பின் வந்த அரசியல் சட்டம் தன் 50-ஆம் பிரிவில் அதை அரசின் கடமையாக எழுதியது. மற்ற மாநிலங்களுக்கு முன்பே சென்னை மாகாணம் படிப்படியாகச் செய்து முடித்தது. 1974 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தால் நாடு முழுவதும் நீதித்துறை மாஜிஸ்திரேட் வேறு, நிர்வாக மாஜிஸ்திரேட் வேறு என்றாயிற்று. 2024 ஜூலையில் அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்த புதிய சட்டத்திலும் இப்பாகுபாடு நிற்கின்றது.

இதனால் விளைந்த நன்மை என்ன? வாரணாசியில் ஷியா, சுன்னி பிரிவினரிடையே சடங்குகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. (இரு தரப்பாரும் முஸ்லிம்கள் என்பது நமக்குப் பெருமை தருவதன்று.) மாஜிஸ்திரேட் 144-ஆம் பிரிவின்படி தடையுத்தரவுகளைப் போட்டுவந்தார். அவ்வுத்தரவு நீதித்துறைத் தீர்ப்பன்று, நிர்வாகச் செயலே. ஆகவே அதை ரிட் மனு மூலம் எதிர்க்கலாம் என்று 1981-இல் குலாம் அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நூறாண்டுக்கு முன் சென்னையில் சொல்லப்பட்ட அதே நெறி அங்கும் ஒலித்தது.

கீழ்மட்டத்தில் பிரிந்த கைகள் மேல்மட்டத்தில் மீண்டும் இணையப் பார்த்த காலமொன்றும் உண்டு. அதிலும் நம் வட்டாரத்தார் ஒருவர் முன்னின்றார். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர் மோகன் குமாரமங்கலம். 1926 முதல் 1930 வரை சென்னையின் முதல் மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயனின் மைந்தர். பேரறிஞர், கூர்மதியாளர், இந்திரா காந்தி அம்மையாரின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத்துறை அமைச்சர். 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில் பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. மறுநாளே, மூத்த நீதிபதிகளான ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர். நீதிபதியின் சமூகக் கண்ணோட்டத்தையும் பார்த்தே அரசு தலைமை நீதிபதியைத் தேர்வது முறை என்று குமாரமங்கலம் பாராளுமன்றத்தில் வாதாடினார். வங்கி நாட்டுடைமை போன்ற சட்டங்களை நீதிமன்றம் வீழ்த்தியதில் அவருக்கிருந்த மனக்குறை பொய்யன்று. அமெரிக்க அதிபரும் தம் கருத்துக்கு ஒத்தவரைத்தானே முன்மொழிகிறார் என்று கேட்பவரும் உண்டு. அங்கே செனட்டின் வாயில் ஒன்று இருக்கின்றது. இங்கே அன்று வாயிலும் இல்லை, காவலும் இல்லை. ஐந்து வாரங்களில், மே 31-இல், விமான விபத்தில் குமாரமங்கலம் உயிரிழந்தார். தம் வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காண அவர் இருக்கவில்லை.

1976 ஏப்ரலில் அது தெரிந்தது. நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகவும் உரிமையில்லை என்று ஏ.என். ரே உள்ளிட்ட நால்வர் தீர்ப்பளித்தார்கள். ஹன்ஸ்ராஜ் கன்னா ஒருவரே மறுத்தார். 1977-இல் அவரைத் தாண்டி, பெரும்பான்மையில் கையெழுத்திட்ட மிர்ஸா ஹமீதுல்லா பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். பேக் நம் மார்க்கத்தவர், கன்னா அல்லர். நீதிபதியின் பெயரைப் பார்த்து மகிழும் நம் பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை. அத்தீர்ப்பு தவறென்று 2017-இல் உச்ச நீதிமன்றமே அறிவித்தது.

அண்மையில் வட மாநிலங்கள் பலவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளை நகராட்சி இயந்திரங்கள் வந்து இடித்துத் தள்ளின. வீடிழந்தவர்களுள் பலர் முஸ்லிம்கள். வழக்கு முடியவில்லை, தீர்ப்பு வரவில்லை, வீடு மட்டும் மண்ணாயிற்று. உள்ளே இருந்த முதியோருக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை கிட்டிற்று. 2024 நவம்பர் 13-இல் நீதிபதிகள் கவாயும் விசுவநாதனும் அளித்த தீர்ப்பு, நிர்வாகம் நீதிபதியாக மாறி ஒருவரைக் குற்றவாளியென முடிவு செய்து வீட்டை இடித்துத் தண்டிப்பது அதிகாரப் பிரிவினைக்கு மாறானது என்றது. முன்னறிவிப்பு வேண்டும், பதினைந்து நாள் அவகாசம் வேண்டும், உரியவரை நேரில் கேட்க வேண்டும், காரணம் காட்டி உத்தரவு எழுத வேண்டும், மீறிய அதிகாரி தம் சொந்தப் பணத்தில் ஈடு செய்ய வேண்டும். பள்ளிவாசலை இடிக்கத் தூண்டினார் என்று பழி சுமந்த ஒருவர், 'என்னைக் கேட்டீர்களா?' என்று சென்னையில் எழுப்பிய வினா, நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து முஸ்லிம் குடும்பங்களின் வாசற்படியில் காவல் நிற்கின்றது.

ஆயினும் சாலை, நடைபாதை, இருப்புப்பாதை, நீர்நிலை முதலிய பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு இவ்விதிகள் பொருந்தா என்று அதே தீர்ப்பு விலக்கும் அளித்துள்ளது. எந்த வீட்டையும் அந்த விலக்குக்குள் இழுத்துவிட முயல்வோர் இருக்கவே செய்வர். ஆகவே வீட்டுப் பத்திரமும், பட்டாவும், வீட்டுவரி ரசீதும், கட்டட அனுமதியும் ஒரே உறையில் இருக்கட்டும். அறிவிப்பு வந்தால் அதைப் பெற்ற தேதியை அதன்மீதே குறித்து, பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விடை கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகலைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.